யூனியன் கோட்டைக் கிடங்கு: ஒரே பள்ளத்தாக்கில் மூன்று முறை கட்டப்பட்ட எல்லைப்புறச் சரக்குத் தளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில், மோரா ஆற்றுக்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்த புல்வெளிப் பள்ளத்தாக்கு ஒன்றில் 1851 முதல் 1891 வரை யூனியன் கோட்டை இயங்கியது. பெயரில் அது கோட்டை. அதன் அன்றாட வேலையின் பெரும்பகுதியோ மிசோரி ஆற்றுப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளில் வந்த சரக்கை இறக்குவதும், கணக்கில் ஏற்றுவதும், தென்மேற்கில் சிதறிக் கிடந்த சிறு ராணுவ நிலையங்களுக்குப் பிரித்து அனுப்புவதுமாகவே இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குள் இந்தத் தளம் மூன்று முறை புதிதாகக் கட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தவர்களின் கண் எதன்மீது இருந்தது, எதைத் தவறவிட்டது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. தனிமனிதர்களின் புகழும் பழியும் இந்த ஆய்வுக்கு வேண்டாதவை என்பதால், தொடர்புடைய அதிகாரிகள் பதவியால் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள்.

பின்னணி: 1846 – 1851

மெக்சிகோவுடனான போரின் தொடக்கத்தில், 1846 ஆகஸ்டில், அமெரிக்கப் படை சாண்டா ஃபே நகரைச் சண்டையின்றிக் கைப்பற்றியது. 1848இல் கையெழுத்தான குவாடலூப் ஹிடால்கோ உடன்படிக்கையால் அந்த நிலப்பரப்பு முழுவதும் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. அதைக் காக்கும் செலவும் கூடவே வந்தது. இறைச்சிக்கான மாடும், தீவனமும், மாவின் ஒரு பகுதியும் அங்கேயே விலைக்குக் கிடைத்தன. துணி, காலணி, காபி, சர்க்கரை, பன்றிக் கொழுப்பிறைச்சி, இரும்பு, வெடிமருந்து, கருவிகள் ஆகிய மற்றவை எல்லாம் 1821 முதல் வணிகர்கள் பயன்படுத்திவந்த சாண்டா ஃபே பாதையில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து வர வேண்டியிருந்தது.

இந்தப் போக்குவரத்தை ராணுவம் முதலில் தன் சொந்த வண்டிகளைக் கொண்டே நடத்திப் பார்த்து, பெரும் இழப்புக்குப் பிறகு தனியாரிடம் ஒப்படைத்தது. 1848இல் போடப்பட்ட முதல் ஒப்பந்தம் 2,00,000 பவுண்டு சரக்குக்கானது. பவுண்டுக்கு பதினொன்றே முக்கால் சென்ட் வண்டிக்கூலி. 2,000 பவுண்டு கொண்ட ஒரு அமெரிக்க டன் சரக்குக்கு 235 டாலர் என்று இது கணக்காகிறது. சாதாரண உணவுப் பொருட்களைப் பொறுத்தவரை, பொருளின் விலையைவிடக் கூலி மிகுந்திருந்தது. பின்னாளில் பெரிய ஒப்பந்த நிறுவனங்கள் ஒரு தொடருக்கு 26 வண்டிகள், வண்டிக்கு ஆறு இணை காளைகள் என்ற கணக்கில் சரக்கை அனுப்பின. காளைகள் வழியில் மேய்ந்தே நடந்ததால், புல் முளைத்திருக்கும் மாதங்களில் கூலி குறைந்தும் குளிர்காலத்தில் ஏறியும் நின்றது. கிடங்கு எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியைத் தீர்மானித்திருக்க வேண்டிய எண் இதுதான்.

1851 வரை படைப்பிரிவுகள் ஊர்களுக்குள் வாடகை வீடுகளில் தங்கியிருந்தன. வாடகை ஒருபுறம், மதுவும் சூதாட்டமும் மறுபுறம். அந்த ஆண்டு புதிதாக அனுப்பப்பட்ட மாகாணத் தளபதிக்குப் போர்த்துறை இட்ட கட்டளை, படையை ஊர்களிலிருந்து வெளியேற்று, எல்லைக் காவலை மாற்றியமை, எல்லாவற்றிலும் செலவைக் குறை என்பதாக இருந்தது.

முதல் முடிவு: 1851 ஜூலை

தளபதி சாண்டா ஃபேயை அடைந்த சில நாட்களுக்குள்ளேயே, ஜூலை 26 அன்று, யூனியன் கோட்டை நிறுவப்பட்டது. தலைமையகமும் கிடங்கும் அங்கே மாற்றப்பட்டன. இடத்தேர்வில் பிழை காண்பது கடினம். சாண்டா ஃபே பாதை நடுவில் இரண்டாகப் பிரிகிறது: ராட்டன் கணவாய் வழியே வரும் மலைப்பாதை ஒன்று, தண்ணீர் குறைந்த வறண்ட நிலத்தைக் குறுக்காகக் கடக்கும் சிமரோன் குறுக்குவழி மற்றொன்று. இரண்டும் மீண்டும் சேரும் இடத்துக்கு அருகில்தான் இந்தப் பள்ளத்தாக்கு இருக்கிறது. எனவே எந்த வழியில் வந்த வண்டியும் இதைத் தாண்டியே போக வேண்டும். புல் இருந்தது, ஊற்று நீர் இருந்தது, மேற்கே நீண்டு கிடக்கும் மேட்டுநிலத்தில் பைன் மரங்கள் இருந்தன.

ஊர்களின் தீய பழக்கங்களிலிருந்து வீரர்களைப் பிரிக்கும் நோக்கம் மட்டும் நிறைவேறவில்லை. ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தொலைவில், மோரா ஆற்றங்கரையில் இருந்த லோமா பார்தா என்ற சிற்றூர் சில ஆண்டுகளிலேயே சம்பள நாளை எதிர்பார்த்து வாழும் மதுக்கடைகளின் ஊராக மாறியது. சம்பளம் எங்கே போனதோ, கடையும் அங்கே போனது.

கட்டடங்களைப் பொறுத்தவரை, சிக்கனக் கட்டளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்பட்டது. தச்சர்களையோ கொத்தர்களையோ அமர்த்தாமல் வீரர்களே குளிர்காலத்துக்கு முன் கட்டி முடிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவர்கள் அப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தை, பட்டையைக்கூட உரிக்காமல், கல் அடித்தளம் ஏதும் இடாமல் வெறும் மண்ணின்மீது அடுக்கினார்கள். சில இடங்களில் மண்ணில் செங்குத்தாக நட்டார்கள். மேலே மண் கூரை.

இதே சிக்கனத்தின் மறுபகுதியாக, வீரர்களே பயிரிட்டு உணவும் தீவனமும் விளைவிக்கும் பண்ணைத் திட்டமும் தொடங்கப்பட்டது. யூனியன் கோட்டைக்கான பண்ணை வடக்கே ஒக்காத்தே பகுதியில் அமைந்தது. விளைச்சல் செலவை ஈடுகட்டவில்லை. ஓரிரு ஆண்டுகளில் நட்டக் கணக்குடன் திட்டம் கைவிடப்பட்டது. பயிர்த்தொழில் தெரியாதவர்களை வறண்ட நிலத்தில் ஏர் பிடிக்கவிட்டால் வேறென்ன நடக்கும் என்று தோன்றலாம். ஆனால் உள்ளூர் உழவர்களிடம் கொள்முதல் செய்யும் ஏற்பாடு பக்கத்திலேயே இருந்தும் அதை விரிவாக்காமல் பண்ணைக்குப் போனது வெறும் அறியாமையால் அன்று. வெளியாருக்குப் பணம் கொடுப்பதே வீண்செலவு என்ற எண்ணத்தால் நேர்ந்தது.

ஐந்தாண்டுகளில் காணப்பட்டவை

1856இல் அங்கு பணியாற்றிய ராணுவ மருத்துவர் ஒருவர், பின்னாளில் உள்நாட்டுப் போரின்போது களத்திலிருந்து காயமடைந்தோரை அகற்றும் முறையையே மாற்றியமைத்தவர், கட்டடங்களின் நிலையைப் பதிவு செய்திருக்கிறார். பட்டை உரிக்காத மரங்கள் உளுத்து, மனிதர் குடியிருக்கத் தகாதவையாகிவிட்டன, மூட்டைப்பூச்சி எங்கும் பரவியிருந்தது, கூரைகள் ஒழுகின, விபத்து நேராமல் தடுக்க ஒரு கட்டடத்தை இடிக்க வேண்டியிருந்தது, கடுங்குளிர் இல்லாத நாட்களில் வீரர்கள் வெளியே படுத்தார்கள். ஆட்கள் வெளியே படுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த சரக்கு அப்படிக் கிடக்க முடியாது. பவுண்டுக்குப் பல சென்ட் கூலி கொடுத்துக் கொண்டுவந்த பொருள் ஒழுகும் கூரையின் கீழ்க் கெட்டபோது, கட்டுமானத்தில் மிச்சப்பட்ட பணத்தை வண்டிக்கூலி தின்றுவிட்டது.

தலைமையகம் விரைவிலேயே வேறிடம் போனது. இடைப்பட்ட ஆண்டுகளில் கிடங்குப் பணியின் பெரும்பகுதி ரியோ கிராண்டே கரையிலுள்ள அல்புகெர்க்கிக்கு மாறியது. நிலையங்களுக்கு அருகே சரக்கு இருக்க வேண்டும் என்ற அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. அமைதிக்காலத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

இரண்டாவது கட்டுமானமும் 1862 படையெடுப்பும்

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் டெக்சாஸ் பக்கமிருந்து, அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படை ரியோ கிராண்டே வழியே மேலேறி வரும் என்ற அச்சம் எழுந்தது. புதிய மாகாணத் தளபதி யூனியன் கோட்டையை மீண்டும் முதன்மைக் கிடங்காக்கினார். பழைய மரக் கட்டடங்களைக் காக்க முடியாது என்பதால், பள்ளத்தாக்கின் நடுவே, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் கிழக்கே, நட்சத்திர வடிவில் மண்ணரண் ஒன்று எழுப்பப்பட்டது.

இரவும் பகலுமாக வேலை நடந்தும் அந்த அரண் இரு வகையில் குறைபட்டு நின்றது. மண்ணுக்குள் பாதி புதைத்துக் கட்டிய தங்குமிடங்கள் ஈரமும் காற்றோட்டமின்மையும் நிறைந்து, முதல் கட்டுமானத்தைப் போலவே பட்டை உரிக்காத மரத்தால் ஆனவையாக இருந்தன. வீரர்கள் கூடாரங்களையே விரும்பினார்கள். அதைவிடப் பெரிய குறை, மேற்கு மேட்டில் பீரங்கியை ஏற்றிவிட்டால் அரணின் உட்புறம் முழுவதும் அதன் வீச்சுக்குள் வந்துவிடும் என்பது.

1862 பிப்ரவரி 21 அன்று வால்வெர்டேயில் கூட்டமைப்புப் படை வென்றது. கிரெய்க் கோட்டையில் இருந்த மாகாணத் தளபதியைச் சுற்றிக் கடந்து அது வடக்கே நகர்ந்தது. ஆனால் அந்தப் படை போதிய உணவின்றிப் புறப்பட்டிருந்தது. எதிரியின் கிடங்குகளைப் பிடித்து உண்பதே அதன் திட்டம். இதை உணர்ந்து அரசுத் தரப்பின் இரண்டு வழங்கல் அதிகாரிகள் எடுத்த முடிவுகளை இந்த நிகழ்வின் மிகச் சரியான முடிவுகள் என்று மதிப்பிடுகிறேன். அல்புகெர்க்கியில் இருந்தவர், எடுத்துச் செல்ல முடிந்ததை வண்டிகளில் ஏற்றிவிட்டு, மீதிக் கிடங்குக்கு மார்ச் முதல் நாள் தீ வைத்தார். சாண்டா ஃபேயில் இருந்தவர், மார்ச் 4 அன்று 120 வண்டிகளில் சரக்கை ஏற்றி யூனியன் கோட்டைக்குக் கிளப்பினார். அல்புகெர்க்கிக் கிடங்கை எரித்த அதே அதிகாரி பின்னர் யூனியன் கோட்டைக் கிடங்கின் பொறுப்பையும் ஏற்றார்.

இதற்கிடையே கொலராடோ தன்னார்வப் படை பனியில் விரைந்து நடந்து யூனியன் கோட்டையை அடைந்தது. அங்கே ஒரு தகராறு எழுந்தது. கோட்டையின் தலைவர் தொழில்முறைப் படைவீரர். வந்த படையின் தலைவர் போருக்கு முன் வழக்கறிஞர். ஆனால் கர்னல் பதவி பெற்ற தேதியில் சில நாட்கள் மூத்தவர். கிடங்கைவிட்டு அகல வேண்டாம் என்பதே மேலிடத்துக் கட்டளையின் பொருள் என்றார் முன்னவர். எதிரிக்கும் கிடங்குக்கும் நடுவே போய் நிற்பதும் கிடங்கைக் காப்பதுதான் என்றார் பின்னவர். எழுத்துமூல எதிர்ப்பையும் மீறி, மார்ச் 22 அன்று 1,342 பேருடன் அவர் புறப்பட்டார்.

மார்ச் 26 முதல் 28 வரை, சாண்டா ஃபேக்கும் யூனியன் கோட்டைக்கும் இடையிலுள்ள குளோரியெட்டா கணவாயில் சண்டை நடந்தது. 28ஆம் தேதி முதன்மைக் களத்தில் கூட்டமைப்புப் படையே கை ஓங்கியிருந்தது. ஆனால் அன்றே, மலைமேட்டைச் சுற்றிக் கடந்து சென்ற அரசுத் தரப்புப் பிரிவு ஒன்று, பின்புறத்தில் காவல் குறைந்து நின்ற கூட்டமைப்புப் படையின் வண்டித்தொடரைக் கண்டுபிடித்து, அறுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையிலான வண்டிகளை உணவு, வெடிமருந்து, போர்வைகளுடன் எரித்துவிட்டது. களத்தை வென்ற படை உண்ண வழியின்றி டெக்சாஸுக்குத் திரும்பியது. நட்சத்திர அரணின்மீது ஒரு குண்டுகூட விழவில்லை.

தளபதியின் கட்டளையை மீறியது சரியா என்ற விவாதத்தில் நான் முழுமையாகப் புறப்பட்டவரின் பக்கம் நிற்க மாட்டேன். அவருடைய படை கணவாயில் சிதறியிருந்தால், மேட்டிலிருந்து சுடத்தக்க அந்த அரணைக் காக்க ஆளே மிஞ்சியிருக்காது. அவருக்குக் கைகொடுத்தது எதிரியும் தன் சரக்கைக் காவலின்றி விட்டதே.

மூன்றாவது கிடங்கு: 1863 – 1869

கலிஃபோர்னியாவிலிருந்து படையுடன் வந்து 1862 செப்டம்பரில் பொறுப்பேற்ற அடுத்த தளபதி, அரணைக் கைவிட்டு அதன் அருகிலேயே நிலையான தளம் ஒன்றைக் கட்டத் தீர்மானித்தார். 1863இல் தொடங்கிய வேலை அந்தப் பத்தாண்டின் இறுதிவரை நீண்டது. இம்முறை கல் அடித்தளம் இடப்பட்டது. சுவர்கள் சுடாத மண்கற்களால் எழுந்தன. சுவர் உச்சிகளுக்குச் சுட்ட செங்கல் காப்பு, கூரைக்குத் தகரம். மண்கல் அறுக்கவும் சுவர் எழுப்பவும் தெரிந்த நியூ மெக்சிகோ மக்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டார்கள். முதல் கட்டுமானத்தில் பார்க்க மறுத்த அறிவு பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு விலைகொடுத்து வாங்கப்பட்டது.

தளம் மூன்று தனி நிர்வாகங்களாகப் பிரிந்திருந்தது: காவல்படை நிலையம், வழங்கல் கிடங்கு, பள்ளத்தாக்கின் மேற்கில் முதல் கோட்டை இருந்த இடத்தில் ஆயுதக்கிடங்கு. கிடங்குப் பகுதி காவல்படைப் பகுதியைவிடப் பெரிது. நீண்ட சரக்கறைகள், வண்டி பழுதுபார்க்கும் பட்டறைகள், கொல்லன் உலைகள், கோவேறு கழுதைகளுக்கும் காளைகளுக்குமான தொழுவங்கள், நூற்றுக்கணக்கான சிவிலியன் தொழிலாளர்கள். கிடங்கு அதிகாரி காவல்படைத் தலைவருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். தமக்கெனத் தனியான மேலிடத்துக்குப் பதில் சொல்பவர். இது அவ்வப்போது உரசலை உண்டாக்கியது. எனினும் இந்தப் பிரிவினையே கிடங்கைக் காப்பாற்றியது என்பேன்: படைத்தலைவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தார்கள்; கணக்குப் புத்தகம் அவர்களுடன் மாறவில்லை.

பெகோஸ் கரையில் எட்டாயிரம் பேர்

இந்தக் கிடங்கின்மீது விழுந்த மிகப் பெரிய சுமை எந்தப் படையெடுப்பாலும் வந்ததன்று. 1863–64இல் அதே தளபதி, அப்பகுதியின் பழங்குடிகளான நவாஹோ மக்களின் வயல்களையும் பழத்தோட்டங்களையும் அழித்து, அவர்களைச் சரணடையச் செய்து, பல நூறு கிலோமீட்டர் நடக்கவைத்து, பெகோஸ் ஆற்றங்கரையிலுள்ள போஸ்கே ரெடோண்டோவில் அடைத்தார். வழியிலேயே பலர் இறந்தார்கள். ஏற்கெனவே அங்கு நானூறு அளவில் மெஸ்கலேரோ அப்பாச்சி மக்கள் இருந்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிகுதியாக, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நவாஹோ மக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பயிரிட்டுத் தாங்களே உண்பார்கள் என்பதே திட்டம். மக்காச்சோளப் பயிரைப் புழு தின்றது; ஆற்று நீர் உவர்ப்பு மிகுந்து குடிப்பவர்களை நோயில் தள்ளியது; விறகுக்கு வெகுதொலைவு நடக்க வேண்டியிருந்தது.

படைக்கெனச் சேமித்த உணவு இவர்களுக்காகத் திருப்பப்பட்டது. வீரர்களின் பங்களவே குறைக்கப்பட்டது. அடைக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்ததோ அதனினும் குறைவு. உணவுக்கு அட்டைச் சீட்டுகள் கொடுக்கப்பட்டபோது போலிச் சீட்டுகள் வந்தன. உலோக வில்லைகளுக்கு மாறியபோது, நவாஹோ கொல்லர்கள் அவற்றையும் அச்சுப் பிசகாமல் அடித்துவிட்டார்கள். இதை நிர்வாகம் மோசடி என்று எழுதி வைத்தது. பசித்திருந்த குடும்பங்கள் தங்களுக்குத் தெரிந்த தொழிலால் உணவு பெற்றன என்று எழுதுவதே உண்மைக்கு நெருக்கமானது. 1865 இறுதியில் மெஸ்கலேரோ மக்கள் ஓர் இரவில் வெளியேறினார்கள். 1868 ஜூன் முதல் நாள் கையெழுத்தான உடன்படிக்கையால் நவாஹோ மக்கள் தங்கள் நிலத்துக்குத் திரும்பினார்கள். அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்ததாக மதிப்பிடப்படுகிறது.

கிடங்கின் பார்வையில் நின்று பார்த்தாலும் இது தவிர்க்கக்கூடிய பேரழிவு. ஓர் ஆண்டுக்கு எத்தனை வண்டி மாவு வந்து சேரும் என்பது கிடங்கு அதிகாரிக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கை மீறி மக்களைக் கொண்டுவந்து குவித்தபின்தான் மாவைத் தேடத் தொடங்கினார்கள்.

தண்டவாளம் வந்தபோது

மூன்றாவது கிடங்குக்கு அடித்தளம் இடப்படும் முன்பே, 1862 ஜூலையில், பசிபிக் ரயில்பாதைச் சட்டம் நிறைவேறியிருந்தது. 1870களில் கொலராடோவுக்குள் தண்டவாளம் நகர நகர, வண்டிப் பாதையின் நீளம் ஆண்டுதோறும் குறுகியது. 1879 ஜூலையில் அட்சிசன், டொபீகா, சாண்டா ஃபே ரயில்பாதை கோட்டைக்குத் தெற்கே பதின்மூன்று கிலோமீட்டரிலுள்ள வாட்ரஸைக் கடந்து நியூ மெக்சிகோவிலுள்ள லாஸ் வேகாஸ் ஊரை எட்டியது. அதன்பின் ஒவ்வொரு நிலையத்துக்கும் அருகிலுள்ள ரயில் நிலையத்திலேயே சரக்கை இறக்கலாம் என்றானபோது, நடுவில் ஒரு பெருங்கிடங்குக்கு வேலை இல்லாமல் போனது. கிடங்கும் ஆயுதக்கிடங்கும் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. ஆயுதக்கிடங்கை நெடுங்காலம் நடத்திய முதிய அதிகாரி, ஓய்வுக்குப் பிறகும் அங்கேயே தங்கி, 1886இல் இறந்தார். 1891இல் கடைசிப் படையும் வெளியேறியது.

மண்சுவர் ஆண்டுதோறும் பூச வேண்டிய சுவர். அந்தச் செலவுக்கான ஒதுக்கீடு 1870களிலேயே சுருங்கிவிட்டது. தகரக் கூரைகள் ஒழுகின. கோட்டை கைவிடப்பட்டபின் கதவு, சன்னல், உத்தரம் எல்லாவற்றையும் சுற்றுவட்டாரத்தினர் கழற்றிக்கொண்டு போனார்கள்; கூரையிழந்த சுவர்களை மழை கரைத்தது. மெக்சிகோ ஆட்சிக்காலத்தில் தனியாருக்கு வழங்கப்பட்ட மோரா நிலமானியத்துக்குள் இடம் அடங்கியதால் நிலம் தனியாரிடம் திரும்பியது. 1954இல் நாடாளுமன்றம் அதைத் தேசிய நினைவிடமாக்க ஒப்புதல் அளித்தது.

எது மாறியிருக்க வேண்டும்

இடத்தை மாற்ற வேண்டியதில்லை. மூன்று முறையும் இடம் சரியாகவே இருந்தது. 1851இல் கல் அடித்தளத்துக்கும் உள்ளூர்க் கொத்தர்களுக்கும் ஒரு பருவம் செலவிட்டிருந்தால், உளுத்த கட்டடங்களை ஒட்டுப்போட்ட பத்தாண்டு மிஞ்சியிருக்கும். வேலை தொடங்குமுன் நிலவுரிமையைத் தீர்த்திருந்தால், பிறருடைய மானிய நிலத்தில் நிலையான கட்டடம் எழுப்பிய முரண்பாடு எழுந்திருக்காது.

மூன்றாவது கிடங்கைக் கட்டியதே வீண் என்று ரயில்பாதையைக் காட்டிச் சொல்வோர் உண்டு. நான் ஏற்பதில்லை. தண்டவாளம் எந்த ஆண்டில், எந்தக் கணவாய் வழியே வரும் என்பது 1863இல் யாருக்கும் தெரியாது; அதுவரை சரக்கு மழையில் கிடக்க முடியாது. கட்டியது சரி, கட்டியதன் பராமரிப்புக்குத் தனி ஒதுக்கீடு வைக்காததுதான் பிழை. காவல்படைக் குடியிருப்புகளையும் சரக்கறைகளையும் ஒரே உறுதியில் கட்டாமல், சரக்கறைகளுக்கு மட்டும் அந்த உறுதியைத் தந்திருந்தால் அந்த ஒதுக்கீட்டுக்கு இடம் கிடைத்திருக்கும்.

போஸ்கே ரெடோண்டோவைப் பொறுத்தவரை மாற்றம் கட்டடத்தில் இல்லை. மக்களைப் பெயர்த்து அடைத்த முடிவே அநீதியானது. எந்த வழங்கல் ஏற்பாடும் அதைச் சரியாக்கியிருக்காது. ஆயினும் கையிருப்பு, பாதையில் வரும் வண்டிகள், அறுவடை எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் கிடங்கு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே எவரையும் அங்கே கொண்டுவரலாம் என்ற விதி இருந்திருந்தால், 1864 தொடக்கத்திலேயே அந்த எண்கள் இந்தத் திட்டத்தை நிறுத்தும் காரணமாகத் தளபதியின் மேசையில் இருந்திருக்கும்.